மூன்றாவது ஸ்ட்ரைக்கை விட்டது யார்

எங்கள் ஊரில் பேஸ்போலைப் பற்றிச் சண்டை பிடிக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர்தான். மாத்தளையில் மற்ற எல்லோரும் கிரிக்கெட்டுக்காகச் சண்டை பிடிப்பார்கள். நாங்கள் பதினொரு பேரும் ஒரு காலத்தில் ஒரே கழகத்தில் இருந்தவர்கள். பத்துப் பேர் விளையாடினார்கள். நான் மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினேன்.

பதினைந்து வருடங்களுக்கு மேலாக ஒரே விஷயத்துக்குத்தான் சண்டை. எங்களுக்குக் கடைசியில் பந்து வீசியவர் பெரிய ஆட்டக்காரரா, இல்லையா?

பேஸ்போலில் கடைசிப் பந்துவீச்சாளர் என்று ஒருவர் தனியாக இருப்பார். ஆட்டம் முழுக்க அவர் ஓரத்தில் சும்மா இருப்பார். கடைசி இனிங்ஸ் வரும்போது நம் பக்கம் ஓர் ஓட்டமோ இரண்டு ஓட்டமோ முன்னால் இருந்தால், அதுவரை வீசிக் களைத்தவரை அனுப்பிவிட்டு இவரை இறக்குவார்கள். மிச்சமிருக்கிற மூன்று பேரை வெளியேற்றி ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதுதான் இவருடைய வேலை. முடித்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். முடிக்காவிட்டால் அதுவரை மற்றவர்கள் விட்ட பிழையெல்லாம் மறந்துபோய், இவர் ஒருவரின் பிழைதான் மிஞ்சும்.

சண்டை பெரும்பாலும் பிரதான வீதியில் இருக்கும் ஒரு புடவைக் கடையில் நடக்கும். கடைக்காரர் எங்கள் அணியில் நடுவில் நின்று பந்து பிடித்தவர். எதிர்த்துப் பேசுகிறவர் முதல் பேஸில் நின்றவர்; இப்போது ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியர். அந்தப் பக்கம் போனால் எனக்கும் ஒரு ப்ளேன்டீ வரும். டீ ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள்.

"முடிக்கிறதுக்குன்னே வந்த ஆளு முடிக்கல்லன்னா அப்புறம் என்னா பெருமை மச்சான்? ஒருத்தனக் கடைசியா செஞ்சத வச்சுத்தான் பாக்கணும்" என்பார் விளையாட்டு ஆசிரியர்.

"அவன் முடிச்சான்டா! அடிக்க வந்தவன் மட்டைல பட்டிச்சா? படல்ல தானே? மூணாவது ஸ்ட்ரைக். அதுக்கு மேல அவன் என்னா செய்யணும்? போட்ட பந்த அவனே ஓடிப்போய்ப் புடிக்கணுமா?" என்பார் கடைக்காரர்.

"புடிக்க முடியாத மாதிரி போட்டா எவன் புடிப்பான்? தாள்லயே இருக்கு. இந்தா, டீச்சரே இருக்காங்க, கேளு."

டீச்சர் என்றது, இப்போது பாடசாலையில் படிப்பிக்கிற என்னை. தாள் என்றது நான் எழுதிய ஸ்கோர் தாள். விளையாட்டு ஆசிரியர் அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருதடவையாவது அதன் படம் வந்து விழும். இதில் பெரிய குழப்பம், பந்தை விட்டவர் என்னுடைய அண்ணா. அவர்தான் கெட்சர், அதாவது அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து, எந்தப் பந்து வேண்டும் என்று விரலால் காட்டி, அதைப் பிடிக்கிறவர். அவர் அந்தக் குழுவில் ஒரே ஒரு வசனத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதுவார்: "அது என் பிழை." உடனே யாராவது பதில் போடுவார்கள்: "நீ பெரிய மனசு பண்ணிப் பேசுற. உன் தங்கச்சியே அப்படி எழுதல்லயே."

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்துக்கு வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்டவர். வீட்டில் அவர் ஒரு தமிழ் பேசினார், தெருவில் வளர்ந்த நாங்கள் வேறொரு தமிழ் பேசினோம். அண்ணாவும் அரசாங்க வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் விருப்பம். அண்ணா போனார்தான், இன்றும் தினமும் யட்டவத்தைக்கு பஸ் ஏறுகிறார். ஆனால் அதற்கு முன்னால் மூன்று வருடம் பேஸ்போல் பைத்தியமாக அலைந்தார்.

அந்த விளையாட்டை எங்களுக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானிலிருந்து தொண்டராக வந்த ஓர் இளைஞர். அவருக்குத் தமிழ் தெரியாது. சிங்களம் படித்துக்கொண்டு வந்திருந்தார். ஆகவே ஒரு ஜப்பான்காரர் சிங்களத்தில் சொல்ல, தமிழ்ப் பொடியன்கள் அமெரிக்க விளையாட்டைப் பழகினார்கள். கணக்கு நன்றாக வரும் என்று அண்ணா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் ஒவ்வொரு குறி. அடிப்பவர் தவறவிடும் பந்து ஸ்ட்ரைக்; மூன்று ஆகி ஸ்ட்ரைக் அவுட் ஆனால் கே என்ற ஆங்கில எழுத்து. கெட்சர் பிடிக்க முடியாத அளவுக்குப் பந்து மோசமாக வந்து தாண்டிப் போனால் வைல்ட் பிட்ச், வீசியவர் கணக்கில். பிடிக்கக்கூடிய பந்தைக் கெட்சர் விட்டால் பாஸ்ட் போல், கெட்சர் கணக்கில். இரண்டில் எது என்று தீர்மானிப்பது நடுவர் இல்லை, ஸ்கோர் எழுதுகிறவர். பதினெட்டு வயதில் எனக்கு அது பெரிய அதிகாரமாகத் தெரிந்தது.

கடைசிப் பந்துவீச்சாளர் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த முஸ்லிம் பொடியன். அவருடைய வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். எனக்கு மூன்று நான்கு வயது மூத்தவர் என்பதால் நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். மெலிந்த உடம்பு. பார்த்தால் வேகமாக வீசுகிறவர் மாதிரியே இருக்காது. ஆனால் ஜப்பான்காரர் அவருக்கு மட்டும் ஒரு பந்தைப் பழக்கிக் கொடுத்திருந்தார். இரண்டு விரலை அகட்டிப் பிடித்து வீசுவது. நேராக வருவது போலவே வரும். அடிப்பவருக்குக் கிட்டே வந்ததும் கல் போலக் கீழே விழும். நாங்கள் அதை 'விழுற போல்' என்போம். அவர் இறங்கினால் எங்களுக்கு வெற்றி என்று ஆகிவிட்டிருந்தது. அவர் நடந்து வரும்போதே எதிரணிக்காரர்கள் சிலர் தங்கள் பைகளை அடுக்கத் தொடங்குவதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அந்த இறுதிப் போட்டி வேறோர் ஊரில் நடந்தது. நல்ல பகல் வெயில். நாங்கள் ஓர் ஓட்டம் முன்னால். கடைசி இனிங்ஸ். எதிரணியில் இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். ஓட்டம் எடுக்க ஒவ்வொன்றாகத் தொட்டு வர வேண்டிய பேஸ்களில் இரண்டாவதில் ஒருவர், மூன்றாவதில் ஒருவர் நின்றார்கள். அடிப்பவருக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் கோப்பை எங்களுக்கு.

நானா வீசினார். அடிப்பவர் முழுப் பலத்தோடு மட்டையைச் சுழற்றினார். படவில்லை. எங்கள் ஆட்கள் "ஆ" என்று கத்தினார்கள். நான் குனிந்து கே எழுதினேன்.

நிமிர்ந்தபோது அண்ணா எனக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தார்.

பேஸ்போலில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கெட்சர் கையுறைக்குள் பிடிக்காமல் விட்டால் ஆட்டம் முடிவதில்லை. அடித்துத் தவறியவர் முதல் பேஸுக்கு ஓடலாம். மற்ற பேஸ்களில் நிற்பவர்களும் ஓடி வரலாம். பந்து உருண்டுபோய்ப் பார்வையாளர்கள் இருந்த கொட்டகைக்குள் புகுந்துவிட்டது. அண்ணா முகமூடியை வீசியெறிந்துவிட்டுக் கதிரைகளை இழுத்து இழுத்துத் தள்ளிப் பந்தைத் தேடினார். கதிரைகளில் இருந்த மனிதர்கள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். நானா ஓடிவந்து அண்ணாவின் இடத்தில் நின்று, கையுறையை விரித்து, "போடு! போடு மச்சான்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாவது பேஸில் நின்றவர் அவரைத் தாண்டி ஓடினார், ஓட்டம் சமமானது. பிறகு இரண்டாவது பேஸில் நின்றவரும் தாண்டினார், அவர்கள் முன்னால். பந்து அதன் பிறகுதான் வந்தது. நானா அதைச் சரியாகப் பிடித்தார்.

நாங்கள் தோற்றோம். ஆனால் என் தாளில் கே இருந்தது. அவர் அந்த மனிதரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியிருந்தார். அடித்தவர் ஆட்டமிழந்தும் நாங்கள் தோற்றுப்போனது எப்படி என்று மைதானத்தில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என்னிடம், "மகள், யார் வெண்டது?" என்று கேட்டார்.

ஜப்பான்காரர் என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சிங்களத்தில், "நீ கண்டதை எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒன்றையும் கண்டிருக்கவில்லை. பந்து நிலத்தில் குத்தியதா, அண்ணாவின் கையுறையில் பட்டுத் தெறித்ததா, எதையும் நான் பார்க்கவில்லை. மட்டை தவறிய கணத்தில் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் குனிந்துவிட்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால், ஸ்கோர் எழுதுகிறவள் ஆட்டத்தைப் பார்க்காமல் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்பார்களே. அண்ணா கொட்டகை ஓரத்தில் யாரோடும் பேசாமல் நின்றிருந்தார். நான் வைல்ட் பிட்ச் என்று எழுதினேன்.

ஏன் அதை எழுதினேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அண்ணாவைக் காப்பாற்றத்தானா? அல்லது அந்தப் பந்து விழுகிற பந்து, விழுகிற பந்து நிலத்தில் குத்துவது வழக்கம், ஆகவே அப்படித்தான் இருந்திருக்கும் என்ற கணக்கிலா? ஒரு நாள் முதலாவது சரி என்று படும், இன்னொரு நாள் இரண்டாவது. விடைத்தாள் திருத்தும்போது நான் படிக்காத விடைக்கு ஒருநாளும் புள்ளி போட்டதில்லை. அன்று மட்டும் போட்டேன்.

பஸ்ஸில் ஏறும்போது நானா தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவருக்குக் குறிகளை வாசிக்கத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "உங்க எழுத்து நல்ல வடிவு, தங்கச்சி" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அது கோபமா, கிண்டலா, உண்மையாகவே எழுத்தைத்தான் சொன்னாரா? அதுவும் எனக்கு விளங்கவில்லை.

மூன்று மாதத்தில் அவர் கட்டாருக்குப் போய்விட்டார். வெட்கத்தில் போய்விட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜப்பான்காரரும் நாடு திரும்பினார். கழகம் மெல்லக் கலைந்தது. நானா சில வருடங்களுக்கு முன் திரும்பி வந்து, மனைவியின் ஊரான நாவுலயில் விதைக் கடை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். ஆனால் மாத்தளையில் நாங்கள் கூடும் எந்த இடத்துக்கும் அவர் வந்ததில்லை.

இந்த வருடம் பழைய ஆட்கள் எல்லோரும் ஒன்றுகூடி ஒரு சிநேக ஆட்டம் ஆடுவது என்று முடிவானது. புடவைக் கடைக்காரர், நானாவுக்கு ஒரு நினைவுச் சின்னம் கொடுக்க வேண்டும் என்று குழுவில் எழுதினார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. விளையாட்டு ஆசிரியர் தாளின் படத்தைப் போட்டார். கடைக்காரர் அதில் கே எழுத்தைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பிப் போட்டார். இரண்டு நாள் ஓயவில்லை. கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒன்றுகூடலன்று ஸ்கோர் எழுதிய டீச்சர் எழுந்து நடந்ததை விளக்க வேண்டும். அதன் பிறகு எல்லோரும் கை உயர்த்தித் தீர்மானிப்பது.

"டீச்சர் சொன்னா முடிஞ்சிச்சுங்க. அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார் விளையாட்டு ஆசிரியர்.

நான் சரி என்று கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று அன்றைக்கே தெரியவில்லை.

அழைப்புச் சொல்ல ஒரு சனிக்கிழமை அண்ணாவும் நானும் நாவுலவுக்குப் போனோம். பஸ்ஸில் அண்ணா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். நாலந்தாவைத் தாண்டும்போது, "அவன் நம்மளப் பாத்து மூஞ்சிய திருப்பிக்குவானோ?" என்று மட்டும் கேட்டார்.

கடை சின்னதுதான். விதைப் பைக்கற்றுகள் ஒரு சுவர் முழுக்க, வாசலில் அடுக்கிய தண்ணீர் வாளிகள், மருந்து தெளிக்கிற தாங்கிகள். நானா நன்றாகப் பருத்திருந்தார். தாடியில் நரை. அண்ணாவைக் கண்டதும் மேசையைச் சுற்றி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருடைய மனைவி எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டு, ஆரஞ்சுச் சாறு கரைத்துத் தந்தார்.

"என்ன மச்சான், தங்கச்சியையும் கூட்டிட்டு வந்திரிக்கீங்க. கல்யாண வீடா?"

"கல்யாணம் இல்ல. பழைய ஆளுங்க எல்லாம் ஒண்ணு கூடுறோம். உனக்கு ஒரு நினைவுச் சின்னம் குடுக்கணும்னு பேச்சு."

"எனக்கா?" நானா சிரித்தார். "தோத்ததுக்கா?"

அண்ணா தலையைக் குனிந்துகொண்டு, "அத நான்தான் விட்டேன் மச்சான். இத்தனை வருஷமா உங்கிட்ட வந்து சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

நானாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னத்த செல்ற நீ? நீ ஒரு விரல் காட்டின. ஒரு விரல்னா நேர் போல். நான் தலையாட்டிட்டு விழுற போலப் போட்டேன். நேராத்தான் வரும்னு நீ கையை வச்சிட்டு இருந்தா, அது எப்படி உன் கைக்கு வரும்?"

"ஒரு விரலா? நான் ரெண்டு விரல்தான் காட்டினேன். விழுறதத்தான் கேட்டேன்."

"இல்ல மச்சான். ஒண்ணு."

"டேய், காட்டினவன் நான். ரெண்டு."

இருவரும் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விரல்களை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மிளகாய் விதை வாங்க வந்த ஒரு விவசாயி, ஏதோ விலை பேசுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றார். பிழையை மற்றவர் தலையில் போடச் சண்டை பிடிப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ள இருவர் இப்படிச் சண்டை பிடித்து அன்றுதான் கண்டேன்.

"இத அண்டைக்கே ரெண்டு பேரும் கதைச்சிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரிக்குமே" என்றார் நானாவின் மனைவி.

"நானா, நீங்க ஏன் காட்டின பந்தப் போடல்ல?" என்று நான் கேட்டேன்.

அவர் விவசாயிக்குப் பைக்கற்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, விசா அதுக்கு முந்தியே வந்திட்டு. வாப்பாவுக்குச் சுகமில்ல, வீட்டுல நான்தான் மூத்தவன். அதுதான் என்னோட கடைசி மெட்ச்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தர்கிட்டயும் செல்லல்ல. சென்னா இறக்க மாட்டாங்களோன்னு பயம். கடைசிப் பந்து என்னோட பந்தா இரிக்கணும்னு ஆசை வந்திட்டு. அவ்வளவுதான். ஆசைப்பட்டேன், தோத்தோம்."

வெட்கத்தில் போகவில்லை. போவதென்று முடிவான பிறகுதான் அந்தப் பந்தையே வீசியிருக்கிறார். நாங்கள் இத்தனை வருடம் முன்னுக்குப் பின்னாகக் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அண்ணாவைப் பார்த்தேன். அவர் இன்னும் இரண்டு விரலை மடக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து எழுதிய கதையை அங்கேயே சொல்லிவிட வாயெடுத்தேன். அப்போது அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. நானா எழுந்து பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். ஒன்றுகூடலுக்கு வருவதாக மனைவிதான் சொன்னார்.

ஒன்றுகூடல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தை ஒட்டிய மண்டபத்தில் பகல் சாப்பாடு. பத்துப் பேரும் வந்திருந்தார்கள், சிலர் குடும்பத்தோடு. காலையில் ஆடிய ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது இனிங்ஸிலேயே பாதிப் பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நானா பந்து வீசவில்லை. தோள் வலி என்று சொல்லி நிழலில் இருந்தார்.

சாப்பாட்டுக்கு முன் விளையாட்டு ஆசிரியர் என்னை முன்னால் கூப்பிட்டார். உறை போட்ட தாளைக் கையில் தந்தார். எத்தனையோ வகுப்புகளின் முன்னால் நின்று பழகியவள் நான். அன்றைக்குப் பேசத் தொடங்குமுன் தாளின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

"வைல்ட் பிட்ச்சா, பாஸ்ட் போலான்னு எனக்குத் தெரியாது" என்றேன். "நான் பாக்கல்ல. மட்டைல படல்லன்னதும் குனிஞ்சு கே எழுதிட்டேன். நிமிர்ந்தா அண்ணா ஓடிட்டு இருக்காரு. யார்கிட்டயும் கேக்கல்ல. பாக்காததை எழுதினேன்."

பின்னால் யாரோ ஒருவரின் பிள்ளை ஏதோ கேட்க, தாய் வாயைப் பொத்தினார்.

விளையாட்டு ஆசிரியர் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப, இத்தனை வருஷமா நாம எதை வச்சுங்க சண்டை புடிச்சோம்?" என்றார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புடவைக் கடைக்காரர் வென்றவர் மாதிரிச் சிரிக்கத் தொடங்கினார். ஆனால் சிரித்து முடிக்கவில்லை. தான் வென்றாரா என்பது அவருக்கும் நிச்சயமில்லாமல் போயிருக்க வேண்டும்.

நானா எழுந்து என்னிடம் வந்தார். கோபமாக இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"தங்கச்சி, எனக்கு மட்டும் அண்டைக்கே செல்லியிரிக்கலாம். நீங்க எழுதினத நான் நம்பினேன். ஓரத்துல இருந்து பாத்தவங்களுக்குத்தான் சரியாத் தெரியும்னு நெனச்சேன். கட்டார்ல ரூம்ல படுத்துக்கிட்டு யோசிப்பேன், என் பந்துல என்னா பிழைன்னு. யோசிச்சு யோசிச்சுத்தான் அந்த ஒரு விரல் ஞாபகம் வந்திச்சு." தன் ஒரு விரலை நீட்டிப் பார்த்தார். "இப்ப பாத்தா, ஞாபகம் வந்திச்சா, நானே செஞ்சிக்கிட்டேனான்னு தெரியல்ல."

நான் மன்னிப்புக் கேட்டேன். எல்லோருக்கும் முன்னால், கையைக் கூப்பித்தான் கேட்டேன். "மன்னிக்க என்னா இரிக்கு, சின்னப் புள்ள தானே நீங்க அப்ப" என்று சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. சாப்பாடு முடியும்வரை அவர் என் பக்கம் பார்க்கவுமில்லை. அதில் எனக்குக் குறை இல்லை.

கை உயர்த்தும் வேலையை யாரும் பிறகு பேசவில்லை. நினைவுச் சின்னத்தை விளையாட்டு ஆசிரியரே எடுத்துக்கொண்டு போய் நானாவின் கையில் கொடுத்தார். இருவரும் படம் எடுத்துக்கொண்டார்கள். சண்டை தீர்ந்தது என்று நினைத்தேன். இறைச்சிக் கறி பரிமாறும்போதே மறுபடி தொடங்கிவிட்டது. காட்டின பந்தைப் போடாதவர் பெரிய ஆட்டக்காரரா என்று ஒரு பக்கம், காட்டியது இரண்டு விரல் என்றால் அவர் சொன்னபடிதானே செய்தார் என்று மறுபக்கம். ஒரே ஒரு வித்தியாசம், இம்முறை நானாவும் கூட உட்கார்ந்து, தனக்கு எதிராகவே சத்தம் போட்டு வாதாடிக்கொண்டிருந்தார். யாரோ என்னிடம் திரும்பி, "டீச்சர், நீங்க என்னா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, உடனே, "சரி சரி, உங்ககிட்ட கேட்டு வேலையில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலையில் அண்ணாவும் நானும் வீட்டுக்கு நடந்து வந்தோம். அரைவாசித் தூரம் அவர் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தார். என்மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"நீ உண்மையாவே பாக்கல்லயா?" என்று கேட்டார்.

"பாக்கல்லண்ணா."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மட்டை சுத்துற காத்து மூஞ்சில அடிச்சிச்சு. நான் கண்ண மூடிட்டேன். பந்து எங்க வந்திச்சுன்னு எனக்கும் தெரியாது."

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்காமல் நடந்துகொண்டிருந்தார். அது உண்மைதானா, என்னைத் தேற்றுவதற்காக அந்த நேரத்தில் சொன்னதா? உண்மையென்றால், தன் பிழை என்று இத்தனை வருடம் எழுதியவர் இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொண்டேன். கேட்கவில்லை. கேட்டு அவர் ஏதாவது பதில் சொன்னாலும் அதையும் நம்புவதா விடுவதா என்று எனக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை விளையாட்டு ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய பாடசாலையில் புதிதாகப் பேஸ்போல் தொடங்கப் போகிறார்களாம். ஸ்கோர் எழுதப் பிள்ளைகளைப் பழக்க ஆள் வேண்டுமாம். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன துணிச்சலில் சொன்னேன் என்று தெரியவில்லை.